இடப்பக்கம்

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
தளபாடக் கடை எரிந்தது, அதிகாலை இரண்டு நாற்பதுக்கு.
நான் போய்ச் சேர மூன்றேகால்.
பொத்தானை அமுக்கவென்று
கையுறையில் ஒரு விரலை வெட்டி வைத்திருக்கிறேன்;
அந்த ஒரு விரல் மட்டும் பெப்ரவரிக்குச் சொந்தம்.

இருநூற்றுப் பதினாலு படங்கள்.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் நேற்றைய புட்டு, மூடியபடி.
ஐந்தரைக்குள் பத்திரிகைக்குப் போக வேண்டும்.
ஆறு மணிக்குப் பாண் தொழிற்சாலையில் நான் நிற்க வேண்டும்.

கண் மூடியவர், கை ஆடியது, வில்லையில் தண்ணீர் தெறித்தது
எல்லாம் கழிய முப்பது.
முப்பதில் ஆறு.
தெருவிளக்கு ஊர் முழுவதுக்கும்
மஞ்சட்காமாலை தந்திருந்தது;
கொஞ்சம் நீலம் ஊற்றிக் குணப்படுத்தினேன்.
கூரையை நிமிர்த்தவில்லை, அது மெய்யாகவே சரிந்தது.
அடிவானத்தை நிமிர்த்தினேன்,
அங்கே சரிந்து நின்றது நான்.

நீளப் பக்கம் மூவாயிரம் பிக்சல்.
கோப்பின் பெயரில் இடைவெளி கூடாது,
தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்தும் கூடாது.
விவரக்குறிப்பில் யார், என்ன, எங்கே, எப்போது.
ஏன் என்பதைப் பொலிஸ் சொல்லும்.
தீயணைப்புத் தலைவர் ஹன்ஸ்யோர்க் எங்க்லெர்
தன் பெயரைத் தானே என் கொப்பியில் எழுதித் தந்தார்.
ஈரக் கை. மை பரவி
எந்த எழுத்தும் எங்கே முடிகிறதென்று தெரியவில்லை.

நாலாவதுதான் படம்.
வலப்பக்கம் ஏணி, அதன் உச்சியில் ஒருவன்.
நடுவில் தீ.
இடப்பக்கம், மேல்மாடி வீடுகளிலிருந்து
இறங்கி வந்து பனியில் நிற்கிறவர்கள்.
கூர்மை சரிதானா என்று நூறு வீதத்துக்குப் பெருப்பித்தேன்.
சரிதான்.
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர்.

ஒருவர், சங்கத்துப் பொருளாளர் குகநேசன்,
ரசீது இல்லாமல் ஒரு பிராங்க் தராதவர்,
மனைவி போய் மூன்று வருடம்.
மற்றது, நிலையத்துப் பேக்கரியில் நிற்கிற
போர்த்துக்கேயப் பெண் லூர்தெஸ்.
அவர் காலில் ரோசா நிறச் செருப்பு,
குதிக்கால் வெளியே.
தெரு முழுக்கத் தீயைப் பார்த்துக்கொண்டிருக்க
அவர்கள் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

ஒட்டாதே, அழிக்காதே, நகர்த்தாதே
என்பது பத்திரிகையின் விதி.
வெட்டலாம்.
வெட்டலாம் என்ற சொல்லுக்குள்
இரண்டு பேர் ஒளிக்க இடம் இருந்தது.

ஐந்து பன்னிரண்டுக்குத் தொலைபேசி.
பிர்கிட் ஷ்டூடர், இரவுப் பணி:
"இதையே அகலமாக எடுக்கவில்லையா?
ஐந்து பத்தி இடம் வைத்திருக்கிறேன்."

இல்லை என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சில்
நெய் என்பார்கள்.
நெய், என்றேன்.
வழுக்கிக்கொண்டு போயிற்று.

இரண்டு பத்தியில் வந்தது, ஏணியும் தீயும்.
நூற்றெண்பது வரவேண்டிய இடத்தில்
எண்பது பிராங்க்.
புட்டை அன்றைக்குக் குளிராகவே சாப்பிட்டேன்,
பெல்ட்டில் பாண் போய்க்கொண்டிருக்க, நின்றபடி.

சனிக்கிழமை, கடை வரிசையில்
எனக்குப் பின்னால் குகநேசன்.
கூடையில் லீக்ஸ், பால், மெழுகுவர்த்தி.
"படம் பார்த்தம், பிள்ளை. நல்ல படம்."
கணக்குப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தார்.
"ஆனால் இடப்பக்கம் கொஞ்சம் குறையுது.
நாங்கள் ரெண்டு பேப்பர் வாங்கினனாங்கள்.
ஆளுக்கொண்டு."

நாங்கள்.
காசாளர் அடுத்தது அடுத்தது என்று
இரண்டு தரம் கூப்பிட்டாள்.

இரவு முழுப் படத்தைத் திறந்தேன்.
நீளப் பக்கம் ஆறாயிரம், ஒன்றும் குறைக்கவில்லை.
பழக்கத்தில் விவரக்குறிப்பும் தொடங்கினேன்:
இடமிருந்து வலமாக, லூர்தெஸ்,

அங்கே நிற்கிறது.
முழுப் பெயரை அவளிடமே போய்,
எழுத்துக் கூட்டிக் கேட்க வேண்டும்.
பேக்கரி திறப்பது ஐந்தரைக்கு.